மெட்டு ரோட்டுக்கு ஒரு டவர்

மச்சினன் தமிழ்மாறனுக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் வேலை கிடைத்த அன்றைக்கே சுருளிராஜன் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் சொல்லிவிட்டான், "கொடி ஆட்டுற வேலைப்பா." மூன்று வருசமாக அந்தப் பேச்சை அவன் மாற்றவில்லை. பொண்டாட்டி நாகஜோதிதான் ஒவ்வொரு தடவையும் திருத்துவாள். "கொடி இல்ல, ரேடியோ. எந் தம்பி டவர்ல இருந்து சொன்னாத்தான் விமானம் தரையில எறங்கும்." ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் பதினாலு பெண்களோடு இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு அவள் இதைச் சொல்லும்போது, முன்னால் ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்து ஏழு ஆனி மழையில் கம்பம்மெட்டு ரோட்டில் ஒரு வளைவு பாதியாகச் சரிந்து விழுந்தது. இரண்டு பர்லாங்குக்கு ஒற்றை வண்டி போகிற அகலம்தான் மிச்சம். நடுவில் பாறை துருத்திக்கொண்டு நிற்பதால் மேலே நிற்பவனுக்குக் கீழ் முனை தெரியாது. கீழே நிற்பவனுக்கு மேல் முனை தெரியாது. முதல் நாள் நாலு மணி நேரம் வண்டிகள் மூஞ்சியோடு மூஞ்சி முட்டி நின்றன. சுருளிராஜன்தான் இறங்கி ஒரு வழி பண்ணினான். மேலே இருந்து ஒரு வரிசை ஜீப் இறங்கும். கடைசி ஜீப்பின் முகப்பில் ஒரு பச்சை மரக்கொப்பைச் செருகிவிடுவார்கள். கொப்பு கீழே வந்து சேர்ந்தால் பாதை காலி. பிறகு கீழிருந்து ஒரு வரிசை ஏறும், அதற்கும் கடைசியில் கொப்பு.

பதினெட்டு நாள் ஒரு கீறல் விழவில்லை. சுருளிராஜன் தன் ஜீப்பை ஒச்சாண்டியிடம் ஓட்டக் கொடுத்துவிட்டுக் கீழ்முனையில் பிச்சையம்மாள் டீக்கடைக்கு முன்னாலேயே நின்றான். போலீஸ்காரர் வந்து "இங்கன யாருப்பா பொறுப்பு?" என்று கேட்டபோது பத்துப் பேர் அவனைக் கை காட்டினார்கள். இருபது வருசமாக எஸ்டேட்காரர்களிடம் "ஏலே டிரைவரு" என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்த காதுக்கு அது புதுசு. ரோடு சரியாகிவிடக் கூடாதே என்றுகூட ஒரு தரம் நினைத்துக்கொண்டான்.

பத்தொன்பதாம் நாள் தமிழ்மாறன் லீவில் வந்து இறங்கினான். அக்காவை வேலையிலிருந்து கூட்டிப்போக டீக்கடை வரைக்கும் வந்தவனை டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆகாசத்துல ரோடு உண்டா தம்பி?" என்றார் மூத்த டிரைவர் மொக்கைச்சாமி.

"உண்டுண்ணே. கண்ணுக்குத்தான் தெரியாது. ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஆயிரம் அடி தள்ளிப் போகும். எறங்க எடம் இல்லைன்னா ஹோல்டு சொல்லுவோம். சொன்ன உயரத்துல அங்கனயே வட்டம் அடிச்சுக்கிட்டுக் கெடக்கும்."

"நம்ம ஒச்சாண்டி பொண்ணு பாக்கப் போன மாதிரி," என்றார் மொக்கைச்சாமி. கடையே சிரித்தது. சுருளிராஜன் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்தா கொப்பு காற்றில் விழ வேண்டும்? கடைசி ஜீப் மொட்டையாக வந்து சேர, இன்னும் வண்டி வரும் என்று கீழே காத்திருந்தார்கள், மேலேயும் காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று.

"மச்சான், கொப்பு நல்ல ரோசனைதான்," என்றான் தமிழ்மாறன். அந்த 'தான்' சுருளிராஜனைக் குத்தியது. "கூடவே செல்போன்ல எண்ணிக்கை சொல்லிக்கிட்டா என்ன? ரன்வேயும் இப்படித்தான், ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான். நாங்க ஒண்ணு சொன்னா பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். ரீட்பேக்கும்பாக. திருப்பிச் சொல்ற வரைக்கும் நாங்க சொன்னது சொன்னதாவே ஆகாது."

"கொப்பு விழுந்தா காத்துத்தான் கெடப்போம் மாப்ள. சாக மாட்டோம்," என்றான் சுருளிராஜன்.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் கொப்பு போயே போய்விட்டது. மறுநாள் தமிழ்மாறன் மேல்முனைக்குப் போனான். "மேல டவரு இருக்காக," என்று டிரைவர்கள் கேலியும் மரியாதையுமாகச் சொன்னார்கள். பதினெட்டு நாள் நின்ற சுருளிராஜனுக்கு ஒருத்தனும் ஒரு பேர் வைக்கவில்லை.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னான். "ஆறு ஜீப். கடைசி பச்சைக் கலரு." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல. பிச்சையம்மாள் டீ ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "மச்சினன் பாடம் நடத்துறாரு, நீங்க நல்லா ஒப்பிக்கிறீக."

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணி. தோட்டத்து ஜீப்புகள் ஆள்களோடு திரும்புகிற நேரம். போன் அடித்தது.

"மச்சான், எறக்கி விடப் போறேன். கேட்டுக்கங்க—"

பிச்சையம்மாள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். மொக்கைச்சாமியும் பார்த்தார். "எல்லாம் தெரியும், விடு," என்று சுருளிராஜன் போனை அமர்த்திப் பையில் போட்டுக்கொண்டான். எத்தனை ஜீப் என்று அவன் கேட்கவே இல்லை. மறுபடியும் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் கடை முழுக்கக் கேட்கும்.

ஜீப்புகள் வந்தன. ஏழாவது ஜீப்பின் முகப்புக் கம்பியில் பச்சைக் கொப்பு ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. சுருளிராஜனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பார்த்தியா, மேலே கடைசியில் அவனும் என் கொப்புக்குத்தான் வந்திருக்கிறான். ஒரு நிமிசம் பார்த்தான், இரண்டு நிமிசம் பார்த்தான். வேறு வண்டி வரவில்லை.

"அண்ணே, ஏறுங்க," என்றான்.

அரிசி மூட்டை ஏற்றிய ஜீப்போடு மொக்கைச்சாமி ஏறினார். அவர் வளைவில் மறைந்த பிறகுதான் ஏழாவது ஜீப் டிரைவர் இறங்கி வந்து கொப்பைப் பிடுங்கி எறிந்தான். "கரையோரம் ஒதுங்குனேன், உன்னிச்செடி மாட்டிக்கிருச்சு. பின்னால ரெண்டு வண்டி சேத்துல மெதுவா வருது."

சுருளிராஜன் ஓடினான். நாற்பத்திரண்டு வயசில் அந்த ஏற்றத்தில் யாரும் அப்படி ஓடக் கூடாது. பாறை வளைவைத் தாண்டுவதற்கு முன்பே பிரேக் சத்தமும் பெண்களின் கூச்சலும் கேட்டன. தாண்டிப் பார்த்தான். இறங்கி வந்த எட்டாவது ஜீப் கல் ஓரமாக நின்றிருந்தது. அதன் பின்னால் வந்த அவனுடைய ஜீப் ஒதுங்கியதில் பின் சக்கரம் ஒன்று ரோட்டைவிட்டு வெளியே, காற்றில் நின்றது. கீழே அறுநூறு அடி. ஒச்சாண்டி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் சிலை மாதிரி இருந்தான். பின் சீட்டில், வெளிப்பக்கம், நாகஜோதி.

மொக்கைச்சாமியும் மற்றவர்களும் முன்பக்கக் கம்பியில் தொங்கி வண்டியை அமுக்கிப் பிடித்தார்கள். சுருளிராஜன் கை நீட்டினான். ஒவ்வொருத்தியாக உள்பக்கம் இறங்கினார்கள். நாகஜோதி கடைசியாக இறங்கினாள்.

மேலிருந்து தமிழ்மாறன் ஓடி வந்தான். கூட்டம் கேட்டது, யார் விட்டது, எப்படி விட்டது.

தமிழ்மாறன் அக்காவைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். "என் தப்புதான்," என்றான். "மச்சான் எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்லலை. சொல்லாம நான் வண்டியை விட்டிருக்கக் கூடாது. எங்க வேலையில இதுக்கு என்னைய சீட்டைவிட்டு எழுப்பிருப்பாக."

கூட்டம் அடங்கியது. "பெரிய மனசு," என்று யாரோ முனகினார்கள். நாகஜோதி தம்பியின் தோளில் கை வைத்தாள்.

சுருளிராஜனுக்குப் பொறுக்கவில்லை. வேலை அவனுக்கு, பேர் அவனுக்கு, ரோடும் அவனுக்கு. இப்போது தப்பையும் அவனே தூக்கிக்கொண்டு போகிறான், அதற்கும் பாராட்டு.

"அதெல்லாம் கெடையாது," என்றான் சத்தமாக. "அவன் சொல்ல வந்தான். நாந்தான் போனை அமத்தினேன். எத்தனை வண்டின்னு தெரியாமத்தான் விட்டேன். தப்பு என்னுது. யாரும் பங்குக்கு வரவேணாம்."

நாகஜோதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிருவோம்," என்றாள். பிறகு வேறொரு ஜீப்பில் போய் ஏறினாள்.

மறுநாள் அவனை யாரும் கீழ்முனையிலிருந்து விலக்கவில்லை. நிற்கச் சொல்லவும் இல்லை. அவனாகவே போய் நின்றான். போன் அடித்தது. கடை முழுக்க அவன் வாயைப் பார்த்தது.

"எட்டு ஜீப் எறங்குது. கடைசி ஒச்சாண்டி. திருப்பிச் சொல்லுங்க மச்சான்."

"எட்டு ஜீப் எறங்குது," என்றான் சுருளிராஜன். "கடைசி ஒச்சாண்டி."

"சரி மச்சான்."

எட்டும் வந்தன. விரல் விட்டு எண்ணினான். இனி ஏற்றம். இவன் சொல்ல வேண்டும், அவன் ஒப்பிக்க வேண்டும். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போனை எடுத்தான்.

"மாப்ள, மூணு ஜீப் ஏறுது. மொதல்ல மொக்கைச்சாமி அண்ணன், அரிசி மூட்டை, எடது வெளக்கு ஒடைஞ்சது. ரெண்டாவது நீலக் கலரு, தார்ப்பாய் கிழிஞ்சது. மூணாவது வெள்ளை, டிரைவரு மீசை இல்லாத ஆளு. திருப்பிச் சொல்லு."

தமிழ்மாறன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான்.

"மீசையை விட்டுட்ட மாப்ள," என்றான் சுருளிராஜன். "மொதல்ல இருந்து சொல்லு."