முதலில் யெஸ், பிறகு மன்னிப்பு

வெள்ளவத்தையில் சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்திர வேலைகளைத் தரும் நோர்வேக் கப்பல் கம்பனி கணினித் திரையில் வந்து எதைக் கேட்டாலும் முதலில் 'யெஸ்' சொல்லவேண்டும். முடியுமா என்பது பிறகு. முடியாமல் போனால் மன்னிப்புக் கேட்டு ஓர் ஈமெயில். இந்தக் கலையில் றோஸி கைதேர்ந்தவள். கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பெரியவர்களுக்கு 'இல்லை' சொல்லும் பாடம் அங்கே நடக்கவில்லை. யெஸ் சொல்லிச் சொல்லியே டீம் லீடரும் ஆகிவிட்டாள்.

அன்று திரையில் வந்த லார்ஸ், ஒரு கப்பலின் சரக்குப் பத்திரங்கள் முழுவதையும் புத்தரின் வெசாக் பண்டிகை விடுமுறைக்குள் முடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். வெசாக்குக்குச் சிங்களப் பிள்ளைகள் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது றோஸிக்குத் தெரியும். தெரிந்தும் வாய் தன் பாட்டில், "யெஸ், லார்ஸ்" என்றது.

"முடியாது" என்றது இன்னொரு குரல். புதிதாய்ச் சேர்ந்த ஸமீமா. வேலை இன்னும் நிரந்தரமாகாதவள். "இங்கே ரெண்டு நாள் லீவு. வியாழக்கிழமை நிச்சயம் தரலாம்" என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னாள்.

றோஸி திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். லார்ஸோ முகம் மலர்ந்துவிட்டார். "போன முறை உங்கள் யெஸ்ஸை நம்பிக் கப்பலைக் காக்கவைத்தேன். வியாழன் என்றால் வியாழன். நன்றி!"

மனேஜர் சவுந்தரநாயகம் மலரவில்லை. றோஸியைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு றோஸி. உம்மட தலைக்கு மேலால வெள்ளைக்காரனோட கதைக்கிறா. இந்த மாசத்தோட நிப்பாட்டுவம். நீர் ஓம் எண்டாப் போதும்."

உண்மையைச் சொன்னால், றோஸிக்கும் உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. நேற்று வந்த பெட்டை! ஆனால் அவள் வாய் திறக்காவிட்டால் வெசாக்குக்கு இங்கே தனியே குந்தியிருந்து மாரடிக்கப்போவது யார்? பிறகு மன்னிப்பு ஈமெயில் எழுதப்போவது யார்?

"ஏலாது சேர்."

மேசை மின்விசிறி வாய் திறந்து பேசியதுபோல அவர் பார்த்தார். "என்ன?"

"நான் ஓம் சொல்லமாட்டன். அவ சொன்னதுதான் சரி. நான்தான் பொய் சொன்னனான்."

"நாளைக்கும் உம்மை எதிர்த்துக் கதைப்பா."

"கதைக்கட்டும் சேர்."

சவுந்தரநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வெள்ளைக்காரனும் சந்தோஷமாத்தானே போனான், இருக்கட்டும். ஆனா அவவுக்கு நீர்தான் பொறுப்பு."

வெளியே ஸமீமா தன் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "மிஸ், வேலை போச்சா?"

"இல்லைப் பிள்ளை. இரும்."

அந்த அலுவலகத்தில் கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்கள் நன்றி சொல்வதில்லை; அதுவும் ஒரு வழக்கம். றோஸி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய உபகாரம் செய்தீர். இந்த லீவுக்கு நான் வீட்டில என்ர பிள்ளைகளோட இருக்கப்போறன். அதுகள் நம்பாதுகள்."