எல்லோரும் இறங்கியாயிற்று

...வருவார்கள், ஏன் வராமல், ஸ்ரீஜித் தலை சீவாமல் படியிறங்க மாட்டான், ஜெஸ்லினுக்குச் செருப்புத் தேட வேண்டும், சைரன் ஊதி இவ்வளவு நேரமாகியும் இரண்டு பேரையும் காணவில்லை என்றால் அதற்கெல்லாம் காரணம் இருக்கும். நான் மூன்றாம் மாடியில், கெமிஸ்ட்ரி லேப் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தீப்பிடித்தால் நடக்க முடியாதவர்கள் படியருகே காத்திருக்க வேண்டும், நியமிக்கப்பட்ட இருவர் வந்து நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள், அதுதான் திட்டம். நடக்க முடியாதவர்கள் என்று பன்மையில் எழுதியிருக்கிறார்கள், மரியாதைக்கு. இந்தக் காலேஜில் அது நான் ஒருத்திதான். தூக்கிப் பழகிய அன்று ஸ்ரீஜித், “சேச்சி, சோறு கொறச்சு கொறய்க்கணும் கேட்டோ” என்று என் கனத்தைக் கேலி செய்தான். ஜெஸ்லின் சிரித்தாள், நானும் சிரித்தேன், என்ன வெட்கங்கெட்ட சிரிப்பு அது... தூக்குகிறவனைப் பகைத்துக்கொள்ள முடியுமா? ஒத்திகைக்காக இரண்டாம் மாடியில் ஈரச்சாக்கைக் கொளுத்தியிருக்கிறார்கள், புகை படியேறி வருகிறது, அதற்காவது கால் இருக்கிறது. கரண்டை நிறுத்திவிட்டதால் லிஃப்டும் இல்லை.

இன்றைக்கு இவர்கள் வந்தே ஆக வேண்டும். போன வாரம் பிரின்சிபல் சாம்பசிவன் சார் கூப்பிட்டு, “பகவதி, ஒங்க சேஃப்டிக்காகத்தான் சொல்லுகேன். மாக் டிரில்ல ஒங்கள முறையா எறக்கினா மேலயே இருங்கோ. இல்லேன்னா கீழ ரெக்கார்டு ரூமுக்கு மாறிக்கிடுங்கோ, போராதா?” என்றார். போராது சார், பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள், ஜன்னலில்லாத அறையில் பழைய விடைத்தாளுக்குக் காவல் இருக்க மாட்டேன்... என்று சொன்னேனா? “செரி சார்” என்றேன். அந்த வாயை வைத்துக்கொண்டு எதற்கு மாடி எனக்கு?

கீழே வாலிபால் கோர்ட்டில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், தீயணைப்பு அதிகாரியின் மெகாபோன், அவருக்கு இங்கே யார் முகமும் தெரியாது, சாம்பசிவன் சார் போட்டோவுக்கு நிற்கிற மும்முரத்தில் இருப்பார். லிங்கம்... ராகேல்... பகவதி. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இப்போது ஒரு மௌனம் விழும், தலைகள் மேலே திரும்பும், ஐயோ அவளை விட்டுவிட்டோமே என்று ஒருவராவது... “பிரசன்ட் சார்!” ஜெஸ்லின் குரல். சந்தேகமே இல்லை, எனக்கு நன்றாகப் பழகிய பிரசன்ட் அது. ஸ்டாஃப் மீட்டிங் ஹாலுக்குப் படி அதிகமென்று எனக்குப் பதில் அவள்தான் எப்போதும் சொல்லுவாள், பிள்ளைகள் பிராக்ஸி போட்டால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கிற நானே அதற்காக அவளுக்கு ஓணத்துக்கு ஓணம் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். “ஆரும் பாக்கியில்லா, எல்லாரும் சேஃப்” என்கிறது மெகாபோன். கைதட்டுகிறார்கள். ஸ்ரீஜித்தும் தட்டுவான்.

போன் அடிக்கிறது. “அக்கா, ஒங்க பேரு விளிச்சப்ப நான் பிரசன்ட் சொல்லிட்டேன், கேட்டியளா? ஒங்கள எறக்கலேன்னு தெரிஞ்சா சாரு ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிருவாருல்லா. கரண்டு வந்ததும் லிஃப்ட்ல மெதுவா வாங்கோ.” பாவி, எவ்வளவு பாசம். ரெண்டு பேரும் மேலே வந்திருந்தால் இந்தப் பாசத்துக்கு வேலையே இல்லையே என்று கேட்க வாய் வரை வந்தது. “தேங்க்ஸ்டீ” என்றேன். மனதார. ஜன்னலுக்குப் போய்க் கத்தலாம், கத்தினால் லேப் போய்விடும், கத்தாவிட்டால் நான் பத்திரமாக இறங்கியவள், இனி எல்லாத் திட்டத்திலும் இறங்கியவள், நிஜமாகப் பற்றி எரிகிற அன்றைக்கும் இந்தப் பெண் முதல் ஆளாகப் பிரசன்ட் சொல்லுவாள்... அப்போது கத்தினால் யார் நம்புவார்கள்? இருமல் முட்டுகிறது, தலைப்பை வாயில் திணித்துக்கொள்கிறேன். படியில் பூட்ஸ் சத்தம், யாரோ ஏறி வருகிறார்கள், நிஜமாகவே தீயணைப்புக்காரன் ஒருவன் தேடி வருகிறான், “ஆரெங்கிலும் உண்டோ?” என்கிறான், நான் நல்ல காலால் தரையை உந்தி உந்தி, நாற்காலியோடு லேப் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறேன்.