ரோஸிக்கு ஊசி

ரோஸியின் முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்தால் பின்னங்கால்கள் தெருவிலேயே நின்றன. ஞானசெல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாயின் அடிவயிற்றில் கைகொடுத்து உள்ளே தள்ளினாள். பத்து வயது நாய். அதற்கும் மூட்டு வலி, அவளுக்கும் மூட்டு வலி.

"பெல்ட்டப் புடிச்சு இழுக்காதட்டி," வீட்டுக்குள் கட்டிலிலிருந்து அண்ணன் அய்யாத்துரையின் குரல் வந்தது. "கழுத்துல புண்ணு கெடக்கு."

"இழுக்கல."

இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அவர் படுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை அவரைத் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் கூட்டிப் போய்வந்தவள் ஞானசெல்விதான். கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். காலும் முகமும் வீங்கி, பேச்சு குறைந்துபோன பிறகும் அவர் விடாமல் கேட்டது ஒன்றைத்தான். கரிவலத்தில் ஒரு நாய்க்குட்டி சொல்லிவைத்திருந்தார். குட்டி வருவதற்கு முன்னால் ரோஸிக்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். அவருக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து அந்த நாயை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை.

நாய்க்குக்கூடத் துணை தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கனகலட்சுமியைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்னால் கால் வீங்கிய கன்றுக்குட்டி ஒன்றும் இரண்டு ஆடுகளும் நின்றன. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். ரோஸி அவள் காலடியில் படுத்துக்கொண்டது. தண்ணி வேணும் என்றோ, திருப்பிப் படுக்க வை என்றோ அங்கே யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கண் தானாக மூடியது.

போன் அடித்தது. கனகலட்சுமி.

"செல்வி, அண்ணாச்சிக்கு ரொம்ப மூச்சு வாங்குது. வாரியா?"

"பேசுதாரா?"

போன் கை மாறும் சத்தம். பிறகு அந்த மூச்சு. "ஊசி… போட்டாச்சா?"

"இன்னும் ஒரு ஆடு இருக்கு."

"போட்டுட்டே வா."

ஆட்டோ வாசலிலேயே நின்றது. பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். ஊசியை நாளைக்குக்கூடப் போடலாம். அந்த மூச்சு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவர் போட்டுவிட்டு வரச் சொன்னார் என்பது ஒரு காரணம். முதுகுக்கு அந்தச் சுவர் குளிர்ச்சியாக இருந்தது இன்னொன்று.

டாக்டர் ஜன்னத்துல் பிர்தௌஸ் சின்ன வயதுப் பெண். ஞானசெல்வி வந்த காரணத்தைச் சொல்லச் சொல்ல, ரோஸியின் பல்லையும் கண்ணையும் பார்த்தாள்.

"வீட்டுக்குக் குட்டி வருதாம்மா? ரெண்டு வாரம் கழிச்சு வரட்டும். அதுக்கும் ஊசி போட்டுக் கொண்டாரச் சொல்லுங்க. நாய் யாரோடது?"

"அய்யாத்துரை. எங்க அண்ணன்."

ஊசி ஏறும்போது ரோஸி தோலை மட்டும் ஒருமுறை சிலிர்த்தது.

ஆட்டோ தெருவில் திரும்பியபோது கனகலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"இப்பத்தான் செல்வி. கால் மணி நேரம்கூட ஆவல."

ஞானசெல்வி முதலில் நாயை இறக்கினாள். பிறகு உள்ளே போனாள்.

மத்தியானம் சிவகிரியிலிருந்து சித்தப்பா மகன் மகாராஜன் வந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன். மாலையை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினான்.

"இந்த நெலமையில விட்டுட்டு எங்க போயிருந்தீங்க?"

"நாய்க்கு ஊசி போட."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். கொட்டுச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தபோது, அலமாரியில் கிடந்த அண்ணனின் போன் அடித்தது. கரிவலம் முகம்மது அப்சல்.

"அண்ணாச்சி, குட்டிய ஞாயித்துக்கெழம கொண்டாரட்டா?"

"அண்ணன் எறந்துட்டாரு தம்பி. நான் தங்கச்சி பேசுதேன். இப்பத்தான் எடுத்துட்டுப் போறாங்க."



"போன வாரங்கூடப் பேசுனாரே அக்கா. நல்லாக் கொரைக்கிற குட்டியாப் பாத்து வையிடேன்னாரு. ரோஸிக்குக் காது கேக்கல, தங்கச்சி வீட்டுல ஒத்தையில இருப்பான்னு சொன்னாரு. அப்படி ஒண்ணு எடுத்தும் வச்சிருக்கேன். வேண்டாம்னா சொல்லிருங்கக்கா, ஒண்ணுமில்ல."

ஞானசெல்வி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பதினாறு கழியட்டும் தம்பி. ரோஸிக்கு இன்னைக்குத்தான் ஊசி போட்டிருக்கு. ரெண்டு வாரம் ஆவணும்."

"சரிக்கா."

கனகலட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். உள்ளறையிலிருந்து தண்ணீர் சளசளவென்று வாசலுக்கு வந்தது. நிலைப்படியை ஒட்டி ரோஸி படுத்திருந்தது.

"ஏட்டி, அந்த நாய அங்கிட்டு வெரட்டு," என்றாள் ஒருத்தி.

"ஊசி போட்ட ஒடம்பு. நனையக் கூடாது."

ஞானசெல்வி வாசற்படியில் உட்கார்ந்து ரோஸியை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். கனமாக இருந்தது. தண்ணீர் அவள் பாதங்களுக்கு இடையில் புகுந்து, சம்பங்கி இதழ்களை இழுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கியது.

"போதுமா செல்வி?" உள்ளேயிருந்து கனகலட்சுமி கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வாளி ஊத்துங்க மதினி," என்றாள்.