ஆற்றுமணலில் ஒரு கள்ளிச்செடி

1974ஆம் ஆண்டு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இந்தியக் கலை வரலாறு காஞ்சிபுரத்தில் வைத்துத் திசை திரும்பியது என்பதை உலகுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம். திரும்பியதை ஊரில் யாரும் பார்க்கவில்லை. அன்று குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

திருப்பியவர் ஸ்டூடியோக்காரர் தனராஜ். கல்யாணக் கோஷ்டிகளையும் பாஸ்போர்ட் முகங்களையும் எடுத்துச் சலித்திருந்தவருக்கு, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் புகைப்படப் பத்திரிகை கிடைத்தது. அன்று முதல் அவர் படம் எடுப்பதை விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தார். உடம்பும் நிலமும் ஒன்று, ‘நான் யார்’ என்பதற்கு விடை தோலில் இருக்கிறது என்று டீக்கடையில் விளக்கினார். கேட்டவர்கள் அக்கறையோடு ஒரு தோல் டாக்டரின் விலாசம் கொடுத்தார்கள்.

தேடல் வீட்டிலேயே முடிந்தது. தலைமுழுகிவிட்டு, கூந்தல் உலரப் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிய மனைவி குணமாலாவின் வெற்று முதுகில் ஜன்னல் வெயில் சாய்ந்து விழுந்தது. எடுத்துவிட்டார். அவளுக்கு விஷயம் தெரிந்தபோது, படம் நான்கடி அகலத்துக்குப் பெரிதாகி, பொருட்காட்சியின் புகைப்படப் போட்டிக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“மூஞ்சி தெரியலியேம்மா,” என்றார் தனராஜ்.

“மச்சம் தெரியுதே! உங்கம்மாதானே எனக்கு முதுகுல எண்ணெ தேய்க்கிறாங்க? உங்க கலைக்கு உங்க முதுகு ஆவாதா?”

“எனக்கு ரோமம்மா. காடு மாதிரி வரும்.”

திறப்பு விழாவுக்கு மாமியார் தயாவதியும் புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வேறு வழியில்லாமல் குணமாலாவும் கூடப் போனாள். ஊர் பார்த்தால்கூடப் போகட்டும். அத்தை கண்டுபிடித்துவிட்டால் அந்த வீட்டில் இனி எந்த முகத்தோடு நடமாடுவது?

தலைமை விருந்தினர், பம்புசெட் வியாபாரி கண்ணாயிரம். மற்றப் படங்களைத் துண்டைச் சரிசெய்தபடியே கடந்தவர், இங்கே வந்ததும் நின்றுவிட்டார்.

“பாலாறுதானே இது? ஓரிக்கை பக்கம்.”

“வேகவதி ஆறுங்க,” என்றார் கூட வந்தவர்.

“யோவ், எனக்கா மணலு தெரியாது? மேடு எப்டி எறங்குது பாரு. இந்த வளைவுல ஒரு போர் போட்டா தண்ணி பிச்சிக்கினு வரும்!”

அவர் விரலை வைத்த இடம் இடுப்பு. கூட்டத்தில் நின்ற குணமாலா தன் இடுப்பைத் தலைப்பால் இழுத்து மூடிக்கொண்டாள்.

“அது இன்னாப்பா, மேல கறுப்பா?”

“கள்ளிச்செடிங்க,” என்றார் தனராஜ். உடம்பும் நிலமும் ஒன்று என்பதை இவ்வளவு வேகமாக நிரூபிக்க நேரும் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை.

தயாவதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“நல்ல மணலு,” என்றாள்.

குணமாலாவுக்கு மூச்சு வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் காரணமில்லாமல் சிரித்தாள். தனராஜ் வாங்கித் தந்த மல்லிகையைக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை.

செருப்பைக் கழற்றியதும் தயாவதி சந்தனக் கட்டையை எடுத்து அரைக்க உட்கார்ந்தாள்.

“யாருக்கு அத்தே?”

“உனக்குதாம்மா. முதுகெல்லாம் வேர்க்குரு. போட்டோவுலயே தெரியுது. திரும்பி உக்காரு.”

குணமாலா உறைந்துபோய்த் திரும்பி உட்கார்ந்தாள். மச்சத்தைச் சுற்றிச் சந்தனம் குளிர்ந்தது.

“கள்ளிச்செடியாம்!” என்று பின்னால் குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் போன ஒரு சிரிப்பு. குணமாலாவின் தோள்களும் குலுங்க ஆரம்பித்தன.

படத்துக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது, விவசாயப் பிரிவில்.