நிறைகுடத்தடியில் நின்ற மாமா

அந்த மாமாவை யார் அழைத்தார்கள் என்று கேட்டால், இரண்டு வீட்டாரும் இன்றைக்கும் மற்ற வீட்டாரைத்தான் கை காட்டுவார்கள். வினோஜாவுக்கு அதை நினைத்தாலே தலை வெடிக்கும்.

பண்டத்தரிப்பில் இருக்கும் வினோஜாவுக்கும் கனடாவில் இருக்கும் கஜீபனுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. தை பிறந்ததும் தாலிகட்டு. அதற்கு முன் இரண்டு பகுதியாரும் கூடிக் கதைக்க ஓர் இடம் வேண்டும். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் சுன்னாகத்தில் என்றால் எங்கே கூடுவது? வினோஜாவின் தொழிலே அதுதான். கணினிக்குள்ளே ஓர் உலகம் இருக்கிறது. ஆட்கள் தங்களுக்கென்று ஓர் உருவம் எடுத்துக்கொண்டு அதில் நடக்கலாம், இருக்கலாம், கதைக்கலாம். அந்த உலகத்தில் கோயில்காரருக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் மண்டபம் கட்டிக் கொடுத்துச் சம்பாதிக்கிறவள் அவள். ஊராருக்குக் கட்டியவளுக்குத் தனக்கென்று ஒன்று கட்ட ஆசை வராதா? மணவறை, வாழைமரம், வாசலில் மேசை போட்டு நிறைகுடம், இரண்டு குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எல்லாரும் தொலைபேசியும் கையுமாக அதற்குள்ளே வந்து கூடினார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த மாமா. பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. தலைக்கு மேலே ‘லண்டன் மாமா’ என்று பெயர் நிற்கும். மைக் பழுது என்று சொல்லி எழுதித்தான் கதைப்பார். முதல் நாளே நேராகப் போய் நிறைகுடத்தடியில் நின்று, வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கத் தொடங்கிவிட்டார். நிறைகுடத்தடியில் நிற்பவர் வீட்டுக்காரர் என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாப்பிள்ளை பகுதி அவரைப் பெண் பகுதி என்று நினைத்தது. பெண் பகுதி அவரை மாப்பிள்ளை பகுதி என்று நினைத்தது. லண்டனில் ஒரு மாமா இல்லாத குடும்பம்தான் எது? சுவருக்குள் போய் மாட்டுப்பட்ட பெரியம்மாவை அவர் வெளியே எடுத்துவிட்டார். கதிரையில் இருக்கத் தெரியாமல் மேசைமேல் ஏறி நின்ற சித்தப்பாவை இறக்கிவிட்டார். தங்கமான மனிசன் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

வினோஜாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

“அம்மா, உவர் ஆர்?”

“மாப்பிள்ளை பகுதி ஆளாக்கும்,” என்றாள் தாய் இரத்தினம்மா.

“ஆக்கும் எண்டால்? நான் ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டே?”

“உனக்கென்ன விசரே? சம்பந்தி பகுதி மனிசரைப் பாத்து நீங்கள் ஆரெண்டு கேக்கிறதோ? உந்தக் கேள்வி ஒண்டே காணும், கலியாணம் குழம்ப. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.”

கஜீபனையாவது கேட்போம் என்று கேட்டாள். “வடிவாத் தெரியேல்லை. அப்பாவின்ரை பக்கத்திலை லண்டனிலை கன பேர் இருக்கினம். ஆரெண்டு கேட்டால் கோவிப்பினம், விடும்,” என்றான் அவன். வினோஜா விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு மணவறைக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் ஒன்று சொன்னாள். ஆர் கேட்டாலும், போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தைச் சொல்லக் கூடாது, பாஸ்போட், அடையாள அட்டைப் படம் ஒன்றும் அனுப்பக் கூடாது. எல்லாரும் தலையாட்டுகிற பொத்தானை அமத்தினார்கள். மண்டபம் முழுக்கத் தலைகள் ஆடின. லண்டன் மாமாவின் தலை எல்லாருக்கும் மேலாக ஆடியது.

அந்த உலகத்துக்குள் நுழைகிற தன் கணக்கை வினோஜா, தான் படிக்கிற காலத்தில் தகப்பனுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துத்தான் திறந்திருந்தாள். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஒருநாள் காலை வேலைக்கு நடுவில் கணக்கு அவளை வெளியே தள்ளியது. கடவுச்சொல் பிழை என்றது. திரும்ப அடித்தாள். திரும்பவும் பிழை என்றது. தோட்டத்துக்கு ஓடினாள். தகப்பன் பரமலிங்கம் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார்.

“அப்பா, உங்கடை போனுக்கு ஏதும் இலக்கம் வந்ததே?”

“ஓம், வந்தது. அனுப்பிப்போட்டன்.”

“ஆருக்கு?”

“வேறை ஆருக்கு, எங்கடை லண்டன் மாமாவுக்குத்தான். உன்ரை மண்டபம் பூட்டுப்படப் போகுதாம், அந்த இலக்கத்தைத் தந்தால் தான் சரிப்படுத்திவிடுறன் எண்டு எழுதினவர். பாவம், மனிசன் நித்திரையும் கொள்ளேல்லைப் போலை.”

“ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் அப்பா!”

“ஒருத்தருக்கும் எண்டால் வெளி ஆக்களுக்கு. சம்பந்தி பகுதி வாய் திறந்து கேக்கேக்கை மாட்டன் எண்டு சொல்லுறதோ?”

வாய்க்கால் வரம்பிலேயே வினோஜா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். அந்தக் கணக்குத்தான் அவளுடைய கடை. அதற்குள்தான் அவள் கட்டிய மண்டபங்கள் அத்தனையும் இருந்தன. அவள் பெயரும் அவள் முகமும் அதற்குள்தான் இருந்தன. அந்த உலகத்தை நடத்துகிற கம்பனிக்கு எழுதினாள். மனிதர் ஒருவரும் பதில் எழுதவில்லை. இயந்திரம் எழுதியது. நீங்கள் வினோஜாதான் என்பதை உறுதிப்படுத்த, உங்கள் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்தத் தொலைபேசிக்கு? கள்ளன் புதிதாகப் பதிந்து வைத்திருந்த தொலைபேசிக்கு! அவள் திரும்ப எழுதினாள். அதே பதில் திரும்ப வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறியலாம் போல இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை இரத்தினம்மாவின் தொலைபேசியால் மண்டபத்தை எட்டிப் பார்த்தாள். மணவறையில் வினோஜா இருந்தாள். அதே முகம், அவள் ஆசையாகச் செய்த அதே மாம்பழ நிறச் சேலை. லண்டன் மாமாவைக் காணவில்லை. காணுவதற்கு என்ன இருக்கிறது, அவர்தான் மணவறையில் இருக்கிறாரே! சேலை கட்டிய அந்த வினோஜா ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு வருகிறவர்களைப் பதிய வேண்டுமாம், பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்பட்டுமாம். அன்பளிப்பு தர விரும்புகிறவர்கள் இந்த லிங்கை அமத்தட்டுமாம்.

தன் பெயரால் இரண்டு குடும்பமும் கொள்ளை போகப் போகிறது. நாளைக்கு ஏமாந்த சனம் கள்ளனையா ஏசும்? வினோஜா கஜீபனின் தாய்க்குப் போன் எடுத்தாள்.

“மாமி, நான் வினோஜா. மண்டபத்துக்குள்ளை இருக்கிறது நானில்லை, கள்ளன். அதோடை கதைக்காதேங்கோ.”

“வினோஜா இப்ப என்னோடைதானே பிள்ளை கதைச்சுக்கொண்டிருக்கிறா? நீர் ஆர்?”

வினோஜாவுக்குக் குப்பென்று முகம் சிவந்தது. வேட்டி கட்டி வந்த கள்ளனை இத்தனை நாளும் ஒரு சீவன் ஆரென்று கேட்கவில்லை. கேட்பதற்கு அகப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

“மாமி, சத்தியமா நான்தான் வினோஜா!”

“அந்தப் பிள்ளை எவ்வளவு தன்மையாக் கதைக்குது. மாமி சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா எண்டு கேக்குது. நீர் போனுக்குள்ளாலை கத்துறீர். கொஞ்சம் பொறும், பாஸ்போட்டைத் தேடிக்கொண்டிருக்கிறன்.”

அவ்வளவுதான். வினோஜாவின் பொறுமை அறுந்தது.

“மாமி! பாஸ்போட்டை அனுப்பினியளெண்டால் உங்கடை கலியாணமும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்! உங்கடை மகன் எங்கை? ஒரு கேள்வி கேக்கப் பயந்து என்னைச் சும்மா இருக்கச் சொன்ன அந்த மனிசனைக் கூப்பிடுங்கோ!”

இரத்தினம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். கலியாணம் போச்சு என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். பிறகு போனில் கஜீபனின் குரல் கேட்டது.

“அம்மா, பாஸ்போட்டை உள்ளை வையுங்கோ. இதுதான் வினோஜா.”

“எப்பிடியடா சொல்லுறாய்?”

“என்னை இப்பிடி ஏச வேறை ஆளில்லை.”

அதற்குப் பிறகு காரியம் கெதியாக நடந்தது. இரண்டு பகுதியாரும் அந்தக் கணக்குக் கள்ளக் கணக்கென்று கம்பனிக்கு முறையிட்டார்கள். பாஸ்போட் ஒன்றும் போகவில்லை. மணவறையில் இருந்த வினோஜா பாதி எழுத்தில் உறைந்துபோனாள். பிறகு அவளும் மறைந்தாள், மண்டபமும் மறைந்தது. கோயில்காரரின் மண்டபமும் பழைய மாணவரின் மண்டபமும் கூடவே போயின. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. முறையிட்டவளும் அவள்தான், தண்டனை பட்டவளும் அவள்தான். அன்றைக்கு வினோஜா சாப்பாட்டைத் தொடாமல் படுத்தபடி அழுதாள்.

பரிசீலனை முடிகிற பாடில்லை. தன் சொந்த இலக்கத்தில் புதுக் கணக்குத் திறந்து வெறும் நிலத்திலிருந்து தொடங்கினாள். இந்த முறை மணவறையை முதலில் கட்டவில்லை. வாசல் படலையைக் கட்டினாள். வருகிறவர் தான் ஆர், ஆருடைய ஆள் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அவள் தெரியுமென்று சொன்னால்தான் படலை திறக்கும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தகப்பனுக்கு லிங்க் அனுப்பினாள்.

“வந்தது பிள்ளை,” என்றார் பரமலிங்கம். “அப்பிடியே லண்டன் மாமாவுக்கும் அனுப்பிப்போட்டன். பழைய இடத்திலை தேடிக்கொண்டு நிப்பார்.”

வினோஜாவுக்குக் கத்தவும் தெம்பிருக்கவில்லை. “அப்பா, அவர்தான் கள்ளன்.”

“சும்மா கதையாதை. கள்ளன் வேறை ஆரும். பெரியம்மாவைச் சுவருக்குள்ளையிருந்து எடுத்துவிட்ட மனிசனல்லோ அவர்?”

இரத்தினம்மா கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். “அவரிட்டையே கேளுங்கோ.”

“என்னெண்டு?”

“ஆரெண்டு.”

பரமலிங்கம் கூசிக் கூசித்தான் எழுதினார். குறை நினைக்க வேண்டாம், நீங்கள் எந்தப் பகுதி, ஆருடைய மகன் என்று எழுதி அனுப்பினார். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாசித்துவிட்டார் என்று காட்டியது. எழுதுகிறார் என்று காட்டியது. பிறகு அது நின்றது. திருநீறு பூசிய மாமாவின் படமும் மறைந்து வெறும் சாம்பல் வட்டம் வந்தது. பரமலிங்கம் அழைத்துப் பார்த்தார். அழைப்புப் போகவில்லை.

“கோவிச்சுக்கொண்டு போட்டார்,” என்றார் அவர்.

இரத்தினம்மா மகளின் பக்கம் திரும்பினாள்.

“உதை நீ முதல் நாளே கேட்டிருக்கலாமே, பிள்ளை,” என்றாள்.