கொக்கியின் எடை

டாக்டரம்மாவுக்குக் கிழவர் கொக்கி தரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. போன மழையில் நெஞ்சுச்சளிக்குப் பார்த்தபோது ஏறிய கடன். அந்த அம்மா இன்று பாக்கியைப் பற்றி வாயே திறக்காமல், உட்காரச் சொல்லி அன்பாக விசாரித்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

அறுபத்தாறு வயதிலும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். உடம்பு வேலைக்குத் தாங்கும் என்று வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் சீட்டு வேண்டும். ஐம்பது கிலோவுக்குக் குறைந்த ஆளை மேஸ்திரி வாசலோடு அனுப்பிவிடுவார். அதற்குக் கிடங்குத் தொழிலாளர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கிகளைக் கயிற்றில் கோத்து, சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு தராசில் ஏறுவார்கள். இவர் வருஷத்துக்கு ஒன்றாகக் கூட்டி, இப்போது நாலு கட்டியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. அவருக்குப் பெயரே அதனால் வந்ததுதான்.

தராசு ஐம்பத்தொன்று காட்டியது. ஆனாலும் சீட்டு வரவில்லை. கணினியில் யாரோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டு, அளவு நாடாவை எடுத்துவந்து அவர் கெண்டைக்காலைச் சுற்றினார்.

"என்னம்மா, காலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"இருபத்தெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கு ஐயா. முப்பத்தொண்ணுக்குக் கொறஞ்சா விடாதீங்கன்னு இந்த வகுப்புல சொல்றாங்க. வயசானவங்க சத்தில்லாம தேயறத எங்கள மாதிரி குடும்ப டாக்டருங்கதான் கவனிக்காம விட்டுடறோமாம். ஆன்லைன்ல ஆறு வாரப் படிப்பு."

"டாக்டருக்கே டியூஷனா!" என்று சிரித்தாள் கூட வந்த மனைவி.

கொக்கி சிரிக்கவில்லை. பாக்கியை வசூலிக்கப் புதுவழி. அடுத்து சத்துமாவு டப்பாவைத் தலையில் கட்டுவார்கள். இல்லையென்றால் மேஸ்திரி முன்னாடியே இங்கே வந்து ஓதிவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன சாப்பிடறீங்க?"

"எல்லாந்தான்."

"ஆமா, ரொட்டிய டீயில முக்கி முழுங்கறதுதான் எல்லாம்," என்றாள் மனைவி. "பல் செட்டு லூசாகி ஒரு வருஷமா டப்பாவுல தூங்குது."

"நீ வாய மூடிக்கிட்டு இரு!"

டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டினார். "கால் குச்சியாட்டம் இருக்கு. எடை மட்டும் மூணு வருஷமா அதே ஐம்பத்தொண்ணு. எங்கேயோ இடிக்குதே. இன்னொரு தடவ ஏறுங்க."

அவசரத்தில் ஏறினார். முடிச்சு நழுவி, நாலு கொக்கியும் தடதடவென்று தரையில் விழுந்தன. முள் நாற்பத்தேழுக்கு இறங்கியது.

"அடப்பாவி மனுஷா! வயித்துல ஏற வேண்டியத இடுப்புல கட்டிக்கிட்டு வந்திருக்கியே!" என்றாள் மனைவி.

கொக்கி தலை குனிந்து நின்றார். "சீட்டு இல்லேன்னா வேல போயிடும்மா."

"தூக்கற வேலைக்குத் தர மாட்டேன். மூணு மாசம் உக்காந்து மூட்டை எண்ணட்டும்னு எழுதறேன்." டாக்டரம்மா அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டார். கொக்கிகளைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஆள் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

"மாவு டப்பா எவ்வளவு?" கொக்கிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"டப்பாவும் இல்ல, கிப்பாவும் இல்ல. பல்ல சரிபண்ணுங்க. முட்டை, பால், பருப்பு தினமும் வேணும். வாரா வாரம் வெறும் இடுப்போட வந்து தராசுல ஏறணும்."

"அப்ப பாக்கி?"

டாக்டரம்மா கடன் நோட்டை விரித்து, அவர் பாக்கி இருந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். "அந்தப் பணம் பல்லுக்கு."

கொக்கி நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பென்சிலாக இருந்தால்? எச்சில் தொட்ட விரலால் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் மை ஒட்டியது. கோடு அப்படியே இருந்தது.