நீலத்துண்டு தைத்த சட்டைகள்

பல வீடுகளில் பலர் சேர்ந்து வாழும் அந்தக் குடியிருப்பின் பொதுச் சலவைக்கூடத்தில் துவைத்த துணி தப்பாமல் வீடு போய்ச் சேரும். ஒவ்வொரு துணியின் உட்புறமும் ஒரு சின்னத் துண்டு தைத்திருக்கும். நீல வீட்டுக்கு முரட்டு நீலம், மஞ்சள் வீட்டுக்கு வழவழப்பான மஞ்சள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர் நிறம் பார்த்துப் பிரிப்பார். கண் தெரியாதவர் தடவிப் பார்த்துப் பிரிப்பார். துண்டு சொன்னதுதான் சட்டம்.

சலவைக்கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே துணி தேய்ப்பவன் இஸ்திரிக்காரன். குடியிருப்பது மஞ்சள் வீட்டில். மழை வந்தால் அங்கிருந்து வரும் வழியில் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். சலவைக்கூடத்தை ஒட்டிய நீல வீட்டில் பெரிய அறை ஒன்று காலியானதும் அங்கே வரலாமா என்று கேட்டான்.

"தாராளமா வா தம்பி. ரெண்டு கட்டில் போடலாம்" என்றாள் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

இரண்டாவது கட்டிலுக்கு நெட்டையன் வர வேண்டுமே! காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் அவன்தான் இத்தனை காலமும் அறைத்தோழன். எதைக் கேட்டாலும் முதல் பதில் "மாட்டேன்". அவனை விட்டுப் போகவும் மனமில்லை, கேட்கவும் தைரியமில்லை. இஸ்திரிக்காரன் ஊசியை எடுத்தான். தன் துணிகளில் மஞ்சளைப் பிரித்துவிட்டு நீலம் தைத்தான். சலவைக்கு வந்திருந்த நெட்டையன் துணிகளோடு அவன் அலமாரியில் மிச்சமிருந்ததையும் அழுக்குக்கூடையில் போட்டு, எல்லாவற்றுக்கும் நீலம் தைத்தான்.

மறுநாள் சாயங்காலம் போர்வையைச் சுற்றிக்கொண்டு நெட்டையன் சலவைக்கூடத்துக்கு வந்தான்.

"டேய், குளிச்சிட்டு வந்தா போட ஒரு துணி இல்ல! எங்கடா எல்லாம்?"

"வீட்டுக்குப் போயிடுச்சு."

"எந்த வீட்டுக்கு?"

இஸ்திரிக்காரன் நீல வீட்டைக் கை காட்டினான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா மாட்டேம்ப."

"மாட்டேன்தான்!"

"அப்ப நானும் போகல."

நீல வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "போர்வை மகாராஜா, முதல்ல உள்ள வந்து சட்டையப் போடுங்க. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

உள்ளே போன நெட்டையன் திரும்பவே இல்லை. இஸ்திரிக்காரன் தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டு நீல வீட்டு வாசலையே பார்த்திருந்தான். கடைசியில் திறந்தது வாசலல்ல, ஜன்னல்.

"டேய், இங்கேருந்து என் தக்காளிப் பாத்தி பூராவும் தெரியுதுடா!"

"அதனால?"

"ஜன்னலோரக் கட்டில் எனக்கு. ஒத்துக்கிறியா?"

"மாட்டேன்" என்றான் இஸ்திரிக்காரன், நெட்டையன் குரலிலேயே. பிறகு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நீல வீட்டை நோக்கி விரைந்தான்.